டயோனிசஸ் வழிபாட்டின் தைர்சஸ் கோல்: எதனால் செய்யப்பட்டது, எதைக் குறித்தது?

நெய்தல் (காலடிப்பேட்டை, திருவொற்றியூர்):

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சிறு நாடகக் குழு, யூரிப்பிடிஸ் எழுதிய 'பாக்கே' என்னும் கிரேக்கத் துன்பியல் நாடகத்தைத் தமிழில் அரங்கேற்றுவதற்கு ஒத்திகை பார்த்து வருகிறது. குழுவில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளி ஆசிரியைகளும், காசிமேட்டு மீனவர் குடும்பங்களிலிருந்து வரும் கல்லூரி மாணவிகளும், துறைமுகத்தை ஒட்டிய அலுவலகங்களில் கணக்கு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து, மொட்டை மாடி ஒன்றில் கூடிப் பயிற்சி செய்கிறோம்.

இந்நாடகத்தில் மதுவின் தெய்வமான டயோனிசஸின் அடியார்களான மேனாத் பெண்கள் தொடக்கம் முதல் முடிவு வரை தைர்சஸ் என்னும் கோலைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள். அந்தக் கோலை எப்படிச் செய்வது என்பதில்தான் எங்களுக்குள் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. இணையத்தில் கிடைக்கும் படங்களுள் சிலவற்றில் கோலின் உச்சியில் பைன் காய் இருக்கிறது. சிலவற்றில் இலைக்கொத்து மட்டுமே இருக்கிறது. இன்னும் சிலவற்றில் இலைகளுக்கு நடுவே ஈட்டி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. குழுவில் ஒருவர், முருகன் கை வேலைப் போலச் செய்துவிட்டால் நம் ஊர்ப் பார்வையாளருக்கு உடனே விளங்கும் என்கிறார். இன்னொருவர், ஆடி மாதத்தில் நம் தெருக்களில் அருள் வந்து ஆடும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேப்பிலைக் கொத்துதான் பொருத்தம் என்கிறார்.

வடிவத்தை முடிவு செய்வதற்கு முன், அந்த வழிபாட்டில் இருந்தவர்கள் இக்கோலை என்னவாகக் கருதினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அது ஆயுதமா, அதிகாரச் சின்னமா, நிலவளத்தின் அடையாளமா? ஈட்டியை இலைக்குள் மறைத்து வைத்தார்கள் என்பது உண்மைதானா? கிரேக்க இலக்கியத்திலும் பழைய ஓவியங்களிலும் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் எங்கள் குழு முழுவதும் நன்றியுடையதாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி (பெரம்பூர்):

வணக்கம் அம்மா. வடசென்னையில் யூரிப்பிடிஸை மேடையேற்றப் போகிறீர்கள் என்ற செய்தியே மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். தைர்சஸின் தண்டு மரக்கிளை அன்று. கிரேக்கர்கள் நார்தெக்ஸ் என்று அழைத்த, மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஒரு பூண்டுச் செடியின் உலர்ந்த தண்டு. அதன் தலைப்பகுதியில் ஐவி என்னும் பசுங்கொடியின் இலைகளைக் கொத்தாகக் கட்டினார்கள். சில சமயம் திராட்சைக் கொடியையும் நாடாக்களையும் சுற்றினார்கள். ஏதென்ஸ் நகரத்துக் குவளை ஓவியங்களில் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இக்கோல் காணப்படுகிறது. அவற்றில் உச்சியில் இருப்பது பெரும்பாலும் இலைக்கொத்துதான். பைன் காய் பொருத்திய வடிவம் பிற்காலத்துச் சிற்பங்களிலும் உரோமானியக் கலையிலும் வழக்கமாயிற்று. நீங்கள் எடுத்துக்கொண்ட நாடகம் கி.மு. 405ஆம் ஆண்டளவில், ஆசிரியர் மறைந்த பிறகு, ஏதென்ஸில் மேடையேறியது. ஆகவே அக்காலத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் இலைக்கொத்தையே தேர்ந்தெடுங்கள்.

ஒரே ஓவியத்தைப் பார்க்க நேரம் இருந்தால், ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் உள்ள கோப்பையின் படத்தைத் தேடிப் பாருங்கள். கி.மு. 490ஆம் ஆண்டை ஒட்டி, பிரைகோஸ் ஓவியர் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் கலைஞர் வரைந்தது அது. கோப்பையின் உட்புறத்தில், வெண்ணிறப் பின்னணியில், ஒரு மேனாத் பெண் விரைந்து அடியெடுத்து வைத்தபடி திரும்பிப் பார்க்கிறாள். தோளில் சிறுத்தைத் தோல். கூந்தலைச் சுற்றி ஓர் உயிருள்ள பாம்பு. ஒரு கையில் காலைப் பிடித்துத் தொங்கவிட்ட சிறுத்தைக் குட்டி. மறு கையில் தைர்சஸ். கோலை அவள் ஊன்றவில்லை, ஓங்கவும் இல்லை. உடலுக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்திருக்கிறாள். உங்கள் நடிகையருக்கு அந்த நிலையே ஒரு பாடமாக அமையும்.

இனி அதன் பொருள். என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: இக்கோலின் உட்பொருள் முழுவதும் அதன் எடையின்மையில்தான் இருக்கிறது. அது அடிப்பதற்கு உதவாத தடி. அதை ஊன்றி நடந்தால் வளைந்துவிடும். வலிமையற்ற அந்தத் தண்டு தெய்வம் இறங்கிய கையில் இருக்கும்போது என்ன செய்கிறது என்பதை நாடகத்தின் முதல் தூதன் கித்தேரோன் மலையிலிருந்து வந்து தீப்ஸ் அரசன் பெந்தியஸிடம் சொல்கிறான். ஒருத்தி தைர்சஸால் பாறையைத் தட்டுகிறாள். தண்ணீர் துள்ளி எழுகிறது. இன்னொருத்தி கோலை மண்ணில் ஊன்றுகிறாள். அந்த இடத்தில் மது ஊறுகிறது. ஐவி சுற்றிய கோல்களிலிருந்து தேன் சொட்டுகிறது. அதே உரையில் சற்றுப் பின்னால், ஊர்களைச் சூறையாடிய அப்பெண்களை ஊரார் ஆயுதத்தோடு எதிர்க்கும்போது, ஆண்கள் எறிந்த ஈட்டிகள் ஒரு துளி இரத்தத்தையும் வரவழைக்கவில்லை. பெண்கள் வீசிய தைர்சஸ்களோ அவர்களைக் காயப்படுத்தி ஓட வைக்கின்றன. வளம் தருவதும் காயம் செய்வதும் ஒரே கோல். இரண்டுக்கும் காரணம் கோலுக்குள் இல்லை.

பச்சிலை (வியாசர்பாடி):

தாவரவியல் கற்பிப்பவன் என்ற முறையில், தண்டைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நார்தெக்ஸ் என்பது ஃபெருலா கம்யூனிஸ் என்னும் செடி. கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் இரசத்துக்கும் சாம்பாருக்கும் போடும் பெருங்காயம், இதே ஃபெருலா இனத்தைச் சேர்ந்த, ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளையும் வேறொரு செடியின் வேர்ப்பகுதியைக் கீறி எடுக்கும் பிசின். எனவே டயோனிசஸின் கோலும் நம் அஞ்சறைப் பெட்டியும் தாவர உறவு உடையவை என்று உங்கள் மாணவிகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

இச்செடி இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வரை வளர்ந்து, உச்சியில் மஞ்சள் பூங்குடைகளை விரிக்கும். கோடையில் தண்டு உலர்ந்தபின், வெளித்தோல் கெட்டியாகவும் உள்ளே வெண்ணிறச் சோறு மெத்தென்றும் இருக்கும். அந்தச் சோற்றில் தீப் பற்றினால், வெளித்தோல் கருகாமல், உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பிரமீதியஸ் விண்ணிலிருந்து தீயைத் திருடி மனிதருக்குக் கொண்டுவந்தது நார்தெக்ஸ் தண்டுக்குள் மறைத்துத்தான் என்று பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் தம் நூல்கள் இரண்டிலும் பாடுகிறார். இது வெறும் கற்பனை அன்று. தண்டின் இயல்பை நன்கு அறிந்தவர்கள் கட்டிய கதை. டயோனிசஸ் அடியார்களின் கையில் இருப்பதும் அதே தண்டு என்பதால், வெளியே தெரியாமல் உள்ளே தீயைத் தாங்கும் பொருள் என்ற எண்ணம் கிரேக்கப் பார்வையாளரின் மனத்தில் எழுந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஐவியைப் பற்றியும் ஒரு சொல். திராட்சைக்கொடி வெயிலை நாடும். குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெறும் கட்டையாக நிற்கும். ஐவியோ நிழலில் படரும். குளிர்காலத்திலும் பச்சை மாறாது. இலையுதிர் காலத்தில் பூத்து, குளிர் முடியும் பருவத்தில் காய் பழுக்கும். இரண்டும் ஒரே தெய்வத்துக்கு உரியவை. திராட்சை மறைந்திருக்கும் மாதங்களில் தெய்வத்தின் இருப்பைக் காட்டுவது ஐவி என்று இதைப் புரிந்துகொண்டால், கோலின் தலையில் ஏன் ஐவி சூட்டப்பட்டது என்பது தெளிவாகும்.

நம் ஊரில் எதைக் கொண்டு செய்வது என்றால், மூங்கிலைத் தவிர்த்துவிடுங்கள். அதன் எடையும் விறைப்பும் நடிப்பவரின் கையைத் தடி பிடித்த கையாக மாற்றிவிடும். ஆனைக்கற்றாழையின் உலர்ந்த பூந்தண்டு மிகவும் பொருத்தமானது. இரயில் பாதை ஓரங்களில் வளரும் அதே கற்றாழைதான். ஆனால் பாதையை ஒட்டிச் சென்று வெட்டுவது ஆபத்து என்பதால், புழல், செங்குன்றம் பக்கத்தில் வேலிப்பயிராக வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அடிப்பகுதி பருமனாக இருக்கும். நடுவிலிருந்து மேல்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், கெட்டித்தோல், உள்ளே மெத்தென்ற சோறு, கைக்கு எடையே தெரியாத இலேசு என்று நார்தெக்ஸின் எல்லா இயல்புகளும் அமையும். அது கிடைக்காவிட்டால் காய்ந்த சோளத்தட்டைகளை இரண்டாகச் சேர்த்துக் கட்டலாம். இலைக்கு, காலி மனைகளில் வேலி மேல் படர்ந்திருக்கும் கோவைக்கொடியைப் பயன்படுத்துங்கள். அதன் கோணங்களுள்ள இலை, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஐவி போலவே தெரியும். விரைவில் வாடிவிடும் என்பதால் அன்றன்று பறிக்க வேண்டும். பைன் காய்தான் வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி வையுங்கள்; அங்குள்ள பைன் காடுகளில் உதிர்ந்தே கிடக்கும்.

கூத்தன் (ராயபுரம்):

மேலே எழுதியவர்களிடம் மதிப்பு வைத்தே, ஈட்டியைப் பற்றிய கேள்விக்கு மாறுபட்ட விடை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இலைக்குள் மறைந்த ஈட்டி என்பது இணையத்தில் யாரோ கிளப்பிய கதை அன்று. பழைய எழுத்தாளர்களே சொல்லியிருக்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் போர்த் தந்திரங்களைத் தொகுத்த பாலியேனஸ், டயோனிசஸ் இந்தியர்கள் மீது படையெடுத்தபோது, நகரங்கள் அஞ்சாமல் வரவேற்க வேண்டும் என்பதற்காக ஆயுதங்களை ஐவியிலும் தைர்சஸிலும் மறைத்துக்கொண்டு வந்ததாகத் தம் நூலைத் தொடங்குகிறார். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மக்ரோபியஸ், கோலின் முனையில் உள்ள இரும்பை ஐவி மூடியிருப்பது, போர்வெறியைப் பொறுமை என்னும் கட்டால் அடக்க வேண்டும் என்பதைக் காட்டுவதாக விளக்குகிறார். அதே நூற்றாண்டில் எகிப்து நாட்டு நோன்னஸ், டயோனிசஸின் இந்தியப் போரை 48 காண்டங்கள் கொண்ட பெருங்காப்பியமாகவே பாடியிருக்கிறார். அதில் தைர்சஸ் போர்க்கருவியாகவே சுழல்கிறது.

யூரிப்பிடிஸின் நாடகத்திலும், முன்னுரை பேசும் டயோனிசஸ் தைர்சஸை ஐவியாலான எறிபடை என்றே குறிப்பிடுகிறான். தீப்ஸ் நகரம் ஆயுதம் ஏந்தித் தன் அடியார்களை மலையிலிருந்து விரட்ட முயன்றால் மேனாத் பெண்களைப் படையாக நடத்திச் சென்று போரிடுவேன் என்றும் சொல்கிறான். ஆகவே ஆயுதம் என்ற பொருளை முற்றிலும் நீக்கிவிட்டால் நாடகத்தின் அச்சம் குறைந்துபோகும் என்று கருதுகிறேன். வேலைப் போலச் செய்யலாம் என்ற உங்கள் நண்பரின் யோசனையை உடனே ஒதுக்கிவிட வேண்டாம்.

ஏட்டுச்சுவடி (பெரம்பூர்):

கூத்தன் ஐயா குறிப்பிட்ட சான்றுகள் அனைத்தும் உண்மையானவை. அவற்றை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் அவை எழுதப்பட்ட காலத்தைக் கவனிக்க வேண்டும். பாலியேனஸ் யூரிப்பிடிஸுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவர். மக்ரோபியஸும் நோன்னஸும் அதற்கும் பிற்பட்டவர்கள். இடையில் அலெக்சாந்தர் கி.மு. 326ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவுக்கு வந்து, நைசா என்னும் ஊருக்கு அருகே மலையில் ஐவியைக் கண்ட அவர் வீரர்கள் தங்கள் தெய்வம் தங்களுக்கு முன்பே இங்கு வந்திருக்கிறான் என்று மகிழ்ந்து அதைச் சூடிக்கொண்டார்கள் என்ற செய்தியை அர்ரியன் எழுதியிருக்கிறார். தெய்வத்தின் இந்தியப் படையெடுப்புக் கதை பெருகியது அதன் பிறகுதான். படைத்தலைவனாக மாறிய தெய்வத்தின் கையில் இருந்த கோலுக்குள்ளும் ஈட்டி புகுந்தது.

அதற்கு நேர்மாறான மரபும் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் ஒரு செய்தி தருகிறார்: தண்ணீர் கலக்காத மதுவைக் குடித்தவர்கள் மரத் தடிகளால் ஒருவரை ஒருவர் அடித்துக் காயப்படுத்தி, சிலர் இறந்தும் போனார்கள், டயோனிசஸ் அவர்களைக் குடிக்கவே கூடாது என்று தடுக்காமல், தடிக்குப் பதிலாக நார்தெக்ஸ் தண்டை ஏந்தச் செய்தான். அடித்தாலும் ஆளைச் சாய்க்காத கோல் என்பதுதான் அங்கே அதன் சிறப்பு. அதே டியோடோரஸ் வேறோர் இடத்தில் ஐவி மூடிய ஈட்டி முனையையும் குறிப்பிடுகிறார் என்பதால், இரண்டு எண்ணங்களும் ஒரே காலத்தில் வழங்கின என்பதை நான் மறுக்கவில்லை.

உங்கள் மேடைக்கு எது தேவை என்பதுதான் கேள்வி. தூதன் உரையில் ஆண்களிடம் உண்மையான ஈட்டிகள் இருக்கின்றன, அவை தோற்கின்றன. பெண்களின் கோல்களிலும் ஈட்டி முனையைச் செருகிவிட்டால், இரும்பை இரும்பு வென்றது என்றாகிவிடும். ஊராரை உலுக்கிய அந்த வியப்பு மறைந்துவிடும். எறிபடை என்று டயோனிசஸ் சொல்வதன் அச்சம், அது இலையாலானது என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கோல்கள் எப்போதும் இலக்கை அடைவதும் இல்லை: தங்களை ஒளிந்து பார்க்க மரத்தின் உச்சியில் ஏறியிருக்கும் பெந்தியஸை நோக்கிப் பெண்கள் எறியும் தைர்சஸ்கள் அவனை எட்டாமல் விழுந்துவிடுகின்றன. பிறகு அவர்கள் வெறும் கைகளால் மரத்தையே பிடுங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இக்கோலை ஏந்துவதற்குப் பிறப்போ பதவியோ தேவைப்படவில்லை. நாடகத்தில் முதுமையால் தளர்ந்த காட்மஸும், பார்வையற்ற குறிசொல்லி டைரேசியஸும் மான்தோல் போர்த்து, தைர்சஸ் ஏந்தி, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள். இரவும் பகலும் தரையைக் கோலால் தட்டினாலும் களைக்க மாட்டேன், முதுமையையே மறந்துவிட்டேன் என்று காட்மஸ் மகிழ்கிறான். பேரனான அரசன் பெந்தியஸ் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். ஹோமரின் காவியத்தில் செங்கோல் ஏந்தியவனுக்கே அவையில் பேசும் உரிமை. அகமெம்னோனின் செங்கோல் தெய்வத் தச்சன் ஹெஃபைஸ்டஸ் செய்தது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. தைர்சஸுக்கு அப்படிப்பட்ட வரலாறு கிடையாது. வழியோரத்தில் ஒடித்து, கொடியைச் சுற்றிக்கொண்டால் அது தைர்சஸ்.

அரசர்கள் அதை விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மை. அலெக்சாந்திரியாவில் இரண்டாம் தாலமி நடத்திய பெருவிழா ஊர்வலத்தில் 90 முழ நீளமுள்ள பொன் தைர்சஸ் கொண்டுசெல்லப்பட்டதை அதேனேயஸ் தம் நூலில் பாதுகாத்து வைத்திருக்கிறார். மார்க் ஆண்டனி கி.மு. 41இல் எபேசஸ் நகருக்குள் நுழைந்தபோது ஊர் முழுவதும் ஐவியும் தைர்சஸும் நிறைந்திருந்தன என்றும், மக்கள் அவரையே டயோனிசஸ் என்று அழைத்து வரவேற்றார்கள் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். பொன்னால் செய்து வண்டியில் ஏற்றிய கோலில் பழைய பொருள் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது எனக்கு ஐயம்தான்.

கோல் ஏந்துவதும் அடியாராவதும் ஒன்றல்ல என்பதைக் கிரேக்கர்களே உணர்ந்திருந்தார்கள். நார்தெக்ஸ் ஏந்துவோர் பலர், தெய்வம் இறங்கியவர் சிலரே என்று மறைநெறி வழிபாட்டில் வழங்கிய தொடரை, சாக்ரடீஸ் தம் இறுதி நாளில் சொல்வதாகப் பிளேட்டோ பதிவு செய்திருக்கிறார்.

நெய்தல் (காலடிப்பேட்டை, திருவொற்றியூர்):

எல்லோருக்கும் நன்றி. ஈட்டி முனை வேண்டாம், இலைக்கொத்தே போதும் என்று குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம். கற்றாழைத் தண்டு ஒன்றைச் செங்குன்றத்திலிருந்து ஒரு மாணவியின் மாமா கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வாங்கியதும் ஆடும் பெண்களின் தோளும் மணிக்கட்டும் தாமாகவே தளர்ந்ததைப் பார்த்தேன்; மூங்கிலோடு ஆடியபோது அது நிகழவே இல்லை.

வேப்பிலை பற்றிய கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. குழுவில் பாதிப் பேர் அதை விரும்புகிறார்கள். மேலும், அகாவே தன் மகன் பெந்தியஸின் தலையைக் கோலின் நுனியில் செருகிக்கொண்டு வரும் காட்சியை எப்படிக் கையாள்வது என்றும் சொல்லுங்கள்.

முல்லைக்கொடி (தண்டையார்பேட்டை):

அன்புள்ள நெய்தல் அக்காவுக்கு வணக்கம். நம் பக்கத்துச் சடங்குகளையும் சங்க இலக்கியத்தையும் பல ஆண்டுகளாகப் படித்து வருபவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். வேப்பிலை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் நாளன்று, பம்பையும் உடுக்கையும் முழங்க, மஞ்சள் நீரில் நனைந்த புடவையோடு அருள் வந்து நிற்கும் பெண்ணின் கையில் வேப்பிலை எதற்கு இருக்கிறது? அது தணிப்பதற்கு. அம்மை கண்ட உடலின் வெப்பத்தை ஆற்றுவதும், வாசலில் கட்டி வீட்டைக் காப்பதும், அருள் உச்சத்துக்கு ஏறியவரை மெல்லத் தடவி நிலைக்குக் கொண்டுவருவதும் அந்த இலைதான். தைர்சஸ் செய்யும் வேலை அதற்கு மாறானது. அது ஆட்டத்தைக் கிளர்த்துகிறது, வீட்டிலிருந்து பெண்களை மலைக்கு அழைத்துச் செல்கிறது. தவிரவும், நம் தெருவில் வேப்பிலையைப் பார்க்கும் எவருக்கும் பிள்ளைகளைக் காக்கும் அம்மன்தான் நினைவுக்கு வருவாள். அந்த இலை கட்டிய கோலின் நுனியில் பெற்ற மகனின் தலையை ஒரு தாய் தூக்கி வருவதை நம் பெண்கள் பார்த்தால், அவர்களுடைய நம்பிக்கை காயப்படும். நாடகமும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

வேலைப் பற்றிச் சங்கப் பாடல்கள் நமக்கு நல்ல ஒப்பீடு தருகின்றன. குறிஞ்சி நிலத்தில் முருகன் பூசாரியான வேலன், வேலை ஏந்தி வெறியாடுகிறான். காதலால் வாடும் மகளுக்கு முருகன் அணங்கியதாக நினைத்து அவள் தாய் வேலனை அழைக்கிறாள். வெறியாடலைச் சிறப்பாகப் பாடியதால் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்ற புலவர் ஒருவர் இருக்கிறார். அகநானூற்றில் 22ஆம் பாடல் அவருடையது. தெய்வம் ஏறிய உடல், கையில் தெய்வத்தின் கோல், நள்ளிரவு ஆட்டம் என்ற அளவில் ஒற்றுமை உண்டு. ஆனால் வேலன் ஒருவன். பிறர் வேண்டுதலுக்காக வந்து ஆடுபவன். தைர்சஸ் ஏந்துவோர் கூட்டமாகத் தங்களுக்காகவே ஆடுகிறார்கள். வேலும் வெளிப்படையான படைக்கலம், மறைக்க எதுவும் இல்லாதது.

எனக்கு அதிகம் நெருக்கமாகத் தோன்றுவது சிலப்பதிகாரத்தின் தலைக்கோல். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அதைச் செய்யும் முறையையே விவரிக்கிறார். போரில் புறங்கொடுத்த அரசனின் வெண்கொற்றக் குடைக் காம்பை எடுத்து, கணுக்களில் நவமணி பதித்து, பொன் தகடு போர்த்தி, இந்திரன் மகன் சயந்தனாகவே அதை எண்ணி வழிபட்டார்கள். நல்ல நாளில் பொற்குடத்து நீரால் நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுத்து, தேரோடு வலம் வரச் செய்து, அரங்கில் வைத்த பிறகுதான் மாதவி மேடை ஏறுகிறாள். ஆட்டத்தில் தேர்ந்தவளுக்குத் தலைக்கோலி என்பதே பட்டம். திருவொற்றியூர்க் கோயிலின் கல்வெட்டு ஒன்றிலேயே, மூன்றாம் இராசராச சோழன் முன்னிலையில் அகமார்க்கம் பாடிய உறவாக்கின தலைக்கோலி என்னும் பெண் இடம்பெற்றிருக்கிறாள். நீங்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு மிக அருகில் அந்தப் பட்டத்தோடு ஒரு கலைஞர் பாடியிருக்கிறார் என்பதை உங்கள் குழுவினர் அறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏதென்ஸிலும் நாடகம் டயோனிசஸ் விழாவின் பகுதியாகவே, அவன் கோயிலை ஒட்டிய அரங்கில் நடந்தது. இரண்டு நாடுகளிலும் மேடைக்குத் தெய்வத்தன்மை தந்தது ஒரு கோல். வேற்றுமை என்னவென்றால், தலைக்கோல் தோற்ற அரசனிடமிருந்து வென்ற பொருள். பொன்னும் மணியும் ஏற்று அசையாமல் வீற்றிருக்கும். தைர்சஸ் காய்ந்த தண்டு. கையைவிட்டு நீங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். நாடகம் தொடங்குவதற்கு முன் உங்கள் கோல்களுள் ஒன்றை மேடை நடுவே நிறுத்தி, தலைக்கோலுக்குச் செய்ததைப் போல நீர் தெளித்து மாலை சூட்டி, பிறகு ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தில் சேரலாம். தமிழ்த் தோற்றம் வேண்டும் என்ற ஆவலுக்கு அது ஈடு கொடுக்கும். கோலின் வடிவத்தை மாற்ற வேண்டிய தேவையும் இராது.

ஏட்டுச்சுவடி (பெரம்பூர்):

முல்லைக்கொடி அம்மா சொன்ன யோசனையை மனமார ஆதரிக்கிறேன். அகாவே காட்சி குறித்தும், கோலைப் பிடிக்கும் முறை குறித்தும் நாடகமே தரும் குறிப்புகளைச் சொல்கிறேன்.

பெந்தியஸ் பெண் வேடம் பூண்டு மலைக்குக் கிளம்பும்போது, தைர்சஸை எந்தக் கையில் பிடித்தால் உண்மையான அடியாரைப் போலத் தோன்றுவேன் என்று டயோனிசஸிடமே கேட்கிறான். வலக்கையில் பிடித்து, வலக்காலை எடுத்து வைக்கும்போதே கோலையும் உயர்த்த வேண்டும் என்று விடை வருகிறது. அரசன் கோலைப் பிடிக்கப் பழகும் அந்தக் காட்சியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். முன்பு இதே அரசன்தான், மனித வேடத்தில் நின்ற டயோனிசஸின் கையிலிருந்து தைர்சஸைக் கேட்டவன். இது டயோனிசஸுக்கு உரியது, நீயே பறித்துக்கொள் என்று அவனுக்கு அப்போது விடை கிடைத்தது. இப்போது தானே விரும்பி ஏந்துகிறான், எப்படிப் பிடிப்பது என்றும் கேட்கிறான். உங்கள் நடிகர் காலையும் கையையும் பிசகவிட்டு, பிறகு சரி செய்து கொள்ளட்டும். டயோனிசஸாக நடிப்பவர் அதைத் தொட்டுத் திருத்தட்டும்.

இரண்டாம் தூதன் உரையில் ஒரு சிறு செய்தி வருகிறது. பெந்தியஸ் ஒளிந்து பார்க்கும் நேரத்தில், மலைப்பள்ளத்தில் அமர்ந்திருக்கும் பெண்களுள் சிலர், இலை உதிர்ந்துபோன தைர்சஸுக்கு மீண்டும் ஐவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் அவனைக் கிழித்தெறியப் போகிற கைகள் அவை. கோவை இலை விரைவில் வாடும் என்பதை ஒரு குறையாக எண்ணாமல், பாடகர் குழு மேடையிலேயே உட்கார்ந்து வாடியதைக் களைந்து புதிய கொடியைச் சுற்றும்படி அமைத்தால், யூரிப்பிடிஸ் சொன்னது அப்படியே கண்முன் நிகழும்.

தலையைப் பொறுத்தவரை, மகனின் தலையை மலைச்சிங்கத்தின் தலை என்று எண்ணி, அகாவே அதைத் தைர்சஸின் நுனியில் குத்தி மலை வழியே எடுத்து வருகிறாள் என்பது தூதன் வாயிலாக நாம் கேட்கும் செய்தி. அவள் மேடைக்கு வந்தபின், காட்மஸ் அவளை முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்லி, மெல்ல மெல்லத் தெளிவித்து, கையில் இருப்பது யார் தலை என்று கேட்கும்போது, அவள் அதைக் கைகளில் ஏந்தியிருக்கிறாள். எனவே கோலின் நுனியில் தலையைப் பொருத்தி மேடைக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. கற்றாழைத் தண்டு அந்த எடையைத் தாங்காது என்பதும் நடைமுறைக் காரணம். துணியில் சுற்றிய முகமூடியைக் கைகளில் ஏந்தி வரட்டும். பெந்தியஸாக நடித்தவர் அணிந்த முகமூடியே அதுவாக இருக்கலாம். ஏதென்ஸிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தைர்சஸ் அவள் தோளில் சாய்ந்திருக்கட்டும். தெளிவு வரும் தருணத்தில் அது கீழே விழுந்தால் போதும்.

அரங்கேற்ற நாளை இந்த இழையிலேயே அறிவியுங்கள். பெரம்பூரிலிருந்து நாங்கள் சிலர் வருகிறோம்.